ஐவிஐஜி ஊசி: 5 நாள் டிரிப்ஸ், லட்சத்தில் பில்... யாருக்குத் தேவை? கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

"ஐவிஐஜி போடணும். 5 நாள் கோர்ஸ். இன்னைக்கே ஆரம்பிச்சாகணும்." ஐசியு வாசலில் இதைக் கேட்கும் குடும்பத்துக்கு அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "எவ்வளவு ஆகும்?" பதில் பெரும்பாலும் லட்சத்தில் வரும். நகையா, நிலமா, கந்து வட்டியா என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புனேயில் கில்லன் பாரே சிண்ட்ரோம் எனப்படும் ஜிபிஎஸ் நரம்பு நோய் திடீரெனப் பரவலாகத் தென்பட்டது. 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அப்போதுதான் 'ஐவிஐஜி' என்ற பெயர் டிவி செய்திகளில் அடிக்கடி அடிபட்டது. ஆனால் இந்த மருந்து புதிதல்ல. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இருந்தும் கை கால் செயலிழந்து வருபவர்கள், ரத்தத் தட்டணு குறைந்தவர்கள், பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகள் என்று பலருக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துதான் இது.

இது உயிர் காக்கும் மருந்து என்பது உண்மை. எல்லோருக்கும் இது ஒன்றே வழி என்பது உண்மையல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு குடும்பத்தின் பல வருட சேமிப்பு இருக்கிறது.

ஐவிஐஜி என்றால் என்ன?

நம் உடலுக்குள் கிருமி நுழைந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக் கொடுக்கும் புரதங்கள் ரத்தத்தில் இருக்கின்றன. இவைதான் ஆன்டிபாடிகள். தமிழில் நோய் எதிர்ப்புப் புரதம் என்று சொல்லலாம். மருத்துவத்தில் இதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அதை ரத்தக் குழாய் வழியாக டிரிப்ஸில் ஏற்றுவதுதான் ஐவிஐஜி.

இந்தப் புரதம் ரசாயனக் கூடத்தில் உருவாக்கப்படுவதல்ல. ஆரோக்கியமான மனிதர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் இருந்து பிரித்து எடுக்கப்படுகிறது. பிளாஸ்மா என்றால் ரத்த அணுக்களை நீக்கிய பிறகு மிஞ்சும் வெளிர் மஞ்சள் நிற நீர். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து, ஆன்டிபாடியை மட்டும் பிரித்து, வைரஸ்களை அழிக்கும் கட்டங்களைத் தாண்டித்தான் குப்பிக்கு வருகிறது.

பாம்புக்கடி மருந்து மாதிரியா?

வெளியில் இருந்து ஆன்டிபாடி ஏற்றுவது கிராமத்து மக்களுக்குத் தெரியாத விஷயமல்ல. பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையில் டிரிப்ஸில் போடும் விஷமுறிவு மருந்தும் ஆன்டிபாடிதான். அதற்குத் தேவையான விஷத்தை எடுத்துத் தரும் வேலையில், 1978-ல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டுக்கே முக்கியமானது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குக் கொடுத்து, குதிரையின் உடலில் உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்து எடுக்கிறார்கள்.

வித்தியாசம் இதுதான். பாம்புக்கடி மருந்து குதிரையில் இருந்து வருகிறது, பாம்பு விஷத்தை மட்டும் குறிவைக்கிறது. ஐவிஐஜி மனிதர்களிடம் இருந்து வருகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

ஒரே மருந்து, இரண்டு வேலை

ஐவிஐஜி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, இல்லாததை நிரப்புவது. சில குழந்தைகளுக்கு மரபணுக் குறைபாட்டால் ஆன்டிபாடியே உருவாகாது. தாயிடம் இருந்து வந்த ஆன்டிபாடி தீர்ந்து போகும் 6 மாத வயதுக்குப் பிறகு நிமோனியா, காதில் சீழ், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி நோய் வரும். 1952-ல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் இப்படிப்பட்ட ஒரு 8 வயது சிறுவனின் ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்பதைக் கண்டறிந்து, வெளியில் இருந்து அதைக் கொடுத்தார். சிறுவனுக்கு அடிக்கடி வந்த கடும் தொற்றுகள் நின்றன. இந்தக் குழந்தைகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இது தேவை. ஏற்றிய ஆன்டிபாடியில் பாதி சுமார் 3 முதல் 4 வாரத்தில் கரைந்துவிடும் என்பதே காரணம்.

இரண்டாவது வேலை, எல்லை மீறியதை அடக்குவது. சில நோய்களில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை. மாறாக, தடம் மாறி நம் உடலையே தாக்குகிறது. 1981-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பால் இம்பாக், தட்டணு குறைபாடு இருந்த குழந்தைகளுக்கு அதிக அளவில் ஐவிஐஜி கொடுத்தபோது தட்டணு வேகமாக ஏறியதை வெளியிட்டார். அதன் பிறகுதான் தன் உடலைத் தானே தாக்கும் நோய்கள் பலவற்றுக்கும் இது பயன்பட ஆரம்பித்தது. இதற்கு டோஸ் பல மடங்கு அதிகம்.

எந்தெந்த நோய்களுக்குப் போடுகிறார்கள்?

ஜிபிஎஸ்: நரம்பின் மேலுறையை அல்லது நரம்பையே எதிர்ப்பு சக்தி தாக்கும் நோய். கால் முதலில் செயலிழக்கும்.

சிஐடிபி: இதுவும் நரம்பு நோய்தான். ஆனால் மெதுவாக, 2 மாதத்துக்கு மேல் தொடர்ந்து மோசமாகும். ஸ்டீராய்டு மாத்திரையும் இதற்கு வேலை செய்யும். அதனால் தேர்வு செய்ய இடம் உண்டு.

மயஸ்தீனியா கிராவிஸ்: இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தசை தளரும். நிலைமை கைமீறும் நேரத்தில் ஐவிஐஜி அல்லது பிளாஸ்மா மாற்று சிகிச்சை தருவார்கள்.

ஐடிபி: எதிர்ப்பு சக்தி தட்டணுக்களை அழிப்பது. ரத்தக் கசிவு ஆபத்து இருந்தால் வேகமாக எண்ணிக்கையை உயர்த்த இது உதவும். டெங்குவில் தட்டணு குறைவது வேறு விஷயம். அதற்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல.

கவாசாகி நோய்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அதிகம் தாக்குவது. 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடலில் தடிப்பு. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐவிஐஜி கொடுத்தால், இதய ரத்தக் குழாய் வீங்கும் ஆபத்து சுமார் 25 சதவீதத்தில் இருந்து 5 சதவீத அளவுக்குக் குறைகிறது.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "உடம்பு சோர்வா இருக்கு, எதிர்ப்பு சக்தி ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கான மருந்து இது இல்லை.

ஜிபிஎஸ்: ஏன் நாளை எண்ணிப் பார்க்கிறார்கள்?

1916-ல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் இரண்டு சிப்பாய்களிடம் விவரித்த நோய் இது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வரும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு, அதற்குச் சில வாரங்கள் முன்பு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்திருக்கும். கிருமியை எதிர்க்க உருவான ஆன்டிபாடி, கிருமியைப் போலவே தோற்றமுள்ள நரம்பின் பகுதியையும் எதிரி என்று நினைத்துத் தாக்குவதால் வருவது இது. ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

தொடக்கம் சாதாரணமாகத்தான் இருக்கும். பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். செருப்பு கழன்று விழும். மாடிப்படி ஏற முடியாது. 'சத்துக் குறைவு', 'வாயுப் பிடிப்பு' என்று வலி ஊசியும் சத்து ஊசியும் போட்டுக்கொண்டு இரண்டு நாள் போய்விடும். பலவீனம் காலில் இருந்து கைக்கும், முகத்துக்கும், மூச்சுத் தசைக்கும் ஏறும். 4-ல் ஒருவர் அளவுக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

ஆதரவில்லாமல் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்களுக்கு, அறிகுறி தொடங்கிய 2 வாரத்துக்குள் ஐவிஐஜி ஆரம்பிப்பதுதான் பலன் தரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நடக்க முடிகிற, மேலும் மோசமாகாத லேசான பாதிப்புள்ளவர்களை டாக்டர்கள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பது மட்டுமே போதுமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து ஜிபிஎஸ்-க்குப் பலன் தருவதில்லை.

மூச்சைக் கவனிக்க ஒரு எளிய சோதனையை டாக்டர்கள் செய்வார்கள். ஒரே மூச்சில் 1, 2, 3 என்று எண்ணச் சொல்வார்கள். 20 வரை கூடப் போக முடியாமல் திணறினால் ஐசியு தேவைப்படலாம் என்று அர்த்தம். வார்டில் கூட இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது. நேற்று 30 வரை எண்ணியவர் இன்று 15-ல் நின்றால், டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

கோழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புனேயில் சில நோயாளிகளின் மலப் பரிசோதனையில் கண்டறியப்பட்ட கிருமி கேம்பைலோபாக்டர் ஜெஜூனி. ஜிபிஎஸ்-ஐத் தூண்டும் கிருமிகளில் உலகம் முழுக்க முதலிடம் இதற்குத்தான். அசுத்தமான தண்ணீர், காய்ச்சாத பால், சரியாக வேகாத கோழிக்கறி வழியாக இது பரவும்.

தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் நாமக்கல்லில் இந்தச் செய்தி பயத்தைக் கிளப்புவது இயல்பு. ஆனால் பயத்துக்குக் காரணம் இல்லை. நன்றாக வேகவைத்த கறியில் இந்தக் கிருமி உயிரோடு இருக்காது. குழம்பில் கொதித்த கோழி ஆபத்தல்ல. பச்சைக் கறியை வெட்டிய அதே பலகையில் வெங்காயம், தக்காளி நறுக்குவதும், கை கழுவாமல் அடுத்த வேலைக்குப் போவதும்தான் ஆபத்து. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, பாலைக் காய்ச்சிக் குடிப்பது, கறிக்குத் தனிப் பலகை வைப்பது, இந்த மூன்றும் போதும். வயிற்றுப்போக்கு வந்தவர்களில் மிக மிகச் சிலருக்கே ஜிபிஎஸ் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

கை கால் விழுந்தால் எல்லாமே ஜிபிஎஸ்தானா?

இல்லை. இங்கேதான் நேரம் வீணாகும் இன்னொரு வழி இருக்கிறது.

தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலை வயிற்று வலியோடு எழுகிறார். இமை தொங்குகிறது, பேச்சு குளறுகிறது. கடித்த தடம் எதுவும் இல்லை. இது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கட்டுவிரியன் கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகும். பொதுவாக ஜிபிஎஸ்-ல் பலவீனம் காலில் இருந்து மேலே ஏறும். விரியன் கடியில் கண்ணில் தொடங்கிக் கீழே இறங்கும். இவருக்கு வேண்டியது ஐவிஐஜி அல்ல, பாம்பு விஷமுறிவு மருந்து. அது அரசு மருத்துவமனையில் இலவசம்.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் ஒரே இரவில் கை கால் விழும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பொட்டாசியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், போலியோ இல்லை என்று உறுதி செய்ய மலப் பரிசோதனை எடுப்பார்கள். 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்ற பிறகும் இந்தக் கண்காணிப்பு தொடர்கிறது. அதைக் கேட்டுப் பெற்றோர் பதறத் தேவையில்லை.

ஜிபிஎஸ்-ஐ உறுதி செய்ய நரம்பு கடத்தல் சோதனையும், முதுகுத் தண்டில் நீர் எடுக்கும் சோதனையும் உதவும். முதல் வாரத்தில் இந்த இரண்டும் இயல்பாக வரவும் வாய்ப்புண்டு. அதனால் ரிப்போர்ட்டை விட நோயாளியின் உடல்நிலையைப் பார்த்தே டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

ஏன் இவ்வளவு விலை?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஜிபிஎஸ்-க்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு மொத்தம் 2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். 5 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 24 கிராம். 5 கிராம் குப்பி என்றால் மொத்தம் 24 குப்பி. ஒரு குப்பி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மருந்துக்கு மட்டும் 2,40,000 ரூபாய். ஐசியு, வென்டிலேட்டர் செலவு தனி. 15 கிலோ குழந்தைக்கு அதே கணக்கில் 30 கிராம், 6 குப்பி போதும்.

ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் இருந்து கிடைப்பது சுமார் 4 முதல் 5 கிராம் ஆன்டிபாடி. ஒருவர் ஒருமுறை ரத்ததானம் செய்தால் ஏறக்குறைய 200 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். அப்படியானால் அந்த 120 கிராமுக்குப் பின்னால் 120 முதல் 150 பேர் கொடுத்த ரத்தம் இருக்கிறது. தொழிற்சாலையில் இதன் உற்பத்தியை நினைத்தபடி கூட்ட முடியாது. மனிதர்கள் கொடுத்தால்தான் மருந்து.

வேறு வழியே இல்லையா?

ஜிபிஎஸ்-ஐப் பொறுத்தவரை உண்டு. பிளாஸ்மா மாற்று சிகிச்சை. டயாலிசிஸ் போல ஒரு மெஷின் வழியாக ரத்தத்தை எடுத்து, தாக்கும் ஆன்டிபாடி இருக்கும் பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, மாற்றுத் திரவத்துடன் ரத்தத்தைத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் என்ற கணக்கில் சுமார் 5 முறை செய்வது வழக்கம். 1992-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ஐவிஐஜி இந்தச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்பது 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெரிந்தது. ஐவிஐஜி போட்ட கையோடு பிளாஸ்மா மாற்றினால், காசு கொடுத்து ஏற்றிய மருந்தே வெளியே போய்விடும்.

இந்தியாவில் பல இடங்களில் பிளாஸ்மா மாற்றுக்கு ஐவிஐஜியை விடச் செலவு குறைவு. ஆனால் மெஷினும் பழகிய ஆட்களும் வேண்டும். கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக் குழாயில் குழாய் பொருத்த வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி இறங்கும் நோயாளிக்கும், சின்னக் குழந்தைக்கும் ஐவிஐஜியே வசதி. எனவே 'மலிவானது மட்டம்' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. யாருக்கு எது ஒத்துவரும் என்பதே கேள்வி.

முதல் கோர்ஸ் முடிந்தும் முன்னேற்றம் தெரியாதபோது "இன்னொரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாமா?" என்ற ஆசை வரும். மோசமான நிலையில் இருந்த ஜிபிஎஸ் நோயாளிகளுக்கு இரண்டாவது கோர்ஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானது. பலன் கூடவில்லை. பக்கவிளைவுதான் கூடியது. கொஞ்சம் தேறியவர் மறுபடி சரிந்தால் மட்டும் டாக்டர்கள் வேறு விதமாக யோசிப்பார்கள்.

எங்கே போவது, யார் பணம் தருவார்கள்?

ராசிபுரம், சங்ககிரி, ஆத்தூர், ஓமலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூச்சுத் திணறல் இருந்தால் சொந்தக் காரை விட 108 ஆம்புலன்ஸ் நல்லது. வழியில் ஆக்சிஜன் கொடுக்க முடியும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று தேவை. எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், எவ்வளவு தொகைக்கு அனுமதி என்பது வேறுபடும். அதனால் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்பது அவசியம். "முதல்ல கட்டிடலாம், அப்புறம் வாங்கிக்கலாம்" என்பது பல நேரம் நடக்காது.

பிறவி எதிர்ப்புக் குறைபாட்டுக்கு 2021-ல் வந்த மத்திய அரசின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இடம் இருக்கிறது. அரிய நோய்களுக்கான உயர் சிறப்பு மையங்களில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. சேலத்துக்கு அருகில் உள்ள அத்தகைய மையங்களில் ஒன்று பெங்களூருவில், இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையுடன் இணைந்து செயல்படும் மனித மரபியல் மையம்.

டிரிப்ஸ் ஏறும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக ஓட விடுவார்கள். குளிர், நடுக்கம், தலைவலி, முதுகு வலி வந்தால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று உறவினர்கள் டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டவே கூடாது.

மூச்சிரைப்பு, முகம் வீங்குதல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். அரிதாக ரத்தம் உறையலாம், சிறுநீரகம் பாதிக்கலாம். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, பழைய மாரடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னால் இன்னொரு கவனம். பெரும்பாலான ஐவிஐஜி குப்பிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் பைக் பெட்டியில் போட்டு எடுத்து வந்தால் மருந்து கெடலாம். ஐஸ் பேக்கோடு வாங்க வேண்டும். ஆனால் உறையவிடக் கூடாது, குலுக்கவும் கூடாது. குப்பியின் பேட்ச் எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லலாம்.

குழந்தைக்கு ஐவிஐஜி போட்டிருந்தால் தட்டம்மை தடுப்பூசியை டோஸைப் பொறுத்து சுமார் 8 முதல் 11 மாதம் தள்ளிப்போடுவார்கள். உள்ளே ஏறிய ஆன்டிபாடி தடுப்பூசியின் வேலையைத் தடுத்துவிடும் என்பதுதான் காரணம். தடுப்பூசி அட்டையில் இதைக் குறித்துவைப்பது நல்லது.

எப்போது நடப்பார்?

5-வது நாள் டிரிப்ஸ் முடிந்ததும் எழுந்து நடப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஐவிஐஜி தாக்குதலை அடக்கும். சேதமான நரம்பை அது சரி செய்யாது. நரம்பு தானாகத்தான் வளர வேண்டும். வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சுமார் 80 சதவீதம் பேர் 6 மாதத்தில் தாங்களாகவே நடக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தாலும் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் இறக்கிறார்கள்.

அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் அடுத்த கட்டம் கஷ்டமாகிவிடும். பிசியோதெரபி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வீட்டுச் செலவு, எல்லாம் இனிமேல்தான் வரும். தறி ஓட்டுபவர், லாரி ஓட்டுபவர் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. நோய் உறுதியா, சந்தேகமா? பொட்டாசியம் பார்த்தாச்சா? பாம்புக்கடி இல்லைன்னு தெரியுமா?

2. இப்போதே போட வேண்டுமா, கண்காணித்துப் பார்க்கலாமா?

3. பிளாஸ்மா மாற்று சிகிச்சை இவருக்கு ஒத்துவருமா? இங்கே வசதி இருக்கா?

4. எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை கிராம், எத்தனை குப்பி?

5. காப்பீட்டில் வருமா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினால் கிடைக்குமா? மாற்றும் அளவுக்கு மூச்சு நிலை பாதுகாப்பா இருக்கா?

6. இது ஒரு தடவையா, மாதாமாதமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கேட்பது டாக்டரை நம்பாமல் இருப்பது ஆகாது. பதில் வாங்க 10 நிமிடம் போதும். அதற்காக சிகிச்சையை நாள்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மருந்துக்கு மூலப்பொருளே ரத்ததானம்தான். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்கு மேல் எடை, ஹீமோகுளோபின் 12.5 இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை.